லே–லடாக்: எந்த இரவு எந்த உயரத்தில்

லடாக் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மேப்பைத் திறந்து, லடாக்கின் முக்கிய நகரமான லேயிலிருந்து பாங்காங் ஏரி எத்தனை கிலோமீட்டர், நூப்ரா பள்ளத்தாக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துத்தான் திட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். ஊட்டிக்கும் மூணாறுக்கும் அந்தக் கணக்கு சரிப்படும். லடாக்கில் அதே கணக்கு ஆளைப் படுக்க வைத்துவிடும். அங்கே ஒரு தாளை எடுத்து முதலில் எழுத வேண்டியது, ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை. மற்ற எல்லாம், அதாவது வண்டி, ஹோட்டல், விமானம் எல்லாமே, அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டவை.

ஒரு ஒப்பீடு சொன்னால் விளங்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லே நகரம் கிட்டத்தட்ட 3,500 மீட்டர். சென்னையில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு டெல்லி வழியாக விமானம் ஏறுகிறவர், மறுநாள் காலை பத்து மணிக்கு தொட்டபெட்டா உச்சியைவிட இன்னும் 850 மீட்டர் உயரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். காற்றின் அழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. நூப்ரா போகும் வழியில் உள்ள கர்துங் லா கணவாயில் அது ஏறக்குறைய பாதி.

உடம்பு இதற்குப் பழகும். ஆனால் அவசரப்படுத்த முடியாது. ஆக்சிஜன் குறைந்ததும் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. அது மூளைக்குப் போய் ‘போதும், மூச்சைக் குறை’ என்று பிரேக் போடுகிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினால்தான் பிரேக் தளரும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்ற சலுகை எதுவும் சிறுநீரகத்துக்குத் தெரியாது. சொல்லப்போனால், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று முதல் நாளே சாந்தி ஸ்தூபியின் ஐந்நூறு சொச்சம் படிகளை ஏறி, ராத்திரி வாந்தி எடுப்பது பெரும்பாலும் இளவட்டங்கள்தான்.

உயர்மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. பகலில் எவ்வளவு மேலே போய் வந்தாலும் பரவாயில்லை, படுப்பது கீழே இருக்கட்டும். விமானத்தில் லே போய் இறங்குகிறவர் முதல் நாளே இந்த விதியை உடைத்துவிடுகிறார். அதனால்தான் அங்கே இரண்டு முழு நாள் சும்மா இருக்கச் சொல்கிறார்கள். அது கட்டாயம் செலுத்த வேண்டிய கடன்.

முதல் இரண்டு நாள்

லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இறங்கிவிடும். பகல் ஏற ஏற பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும்; வெயிலில் காற்று இன்னும் லேசாகி விமானம் தூக்கும் எடையும் குறையும். ஆகவே டெல்லியில் விடியற்காலை விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். முந்தின ராத்திரி டெல்லி விமான நிலைய நாற்காலியில் தூங்காமல் கிடந்துவிட்டு லேயில் இறங்குவது மோசமான ஆரம்பம். பக்கத்தில் ஒரு அறை எடுத்து ஐந்து மணி நேரமாவது தூங்குங்கள்.

இறங்கியதும் ஹோட்டல், படுக்கை, சூடான டீ, லேசான சாப்பாடு. மாடி அறை வேண்டாம், தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். வெந்நீர்க் குளியலை அன்றைக்குத் தள்ளிப்போடலாம். சாயங்காலம் மெயின் பஜாரில் மெதுவாக ஒரு நடை. அவ்வளவுதான். மது, தூக்க மாத்திரை இரண்டும் இந்த இரண்டு நாளில் கூடாது. தூக்கத்தில் மூச்சு விடும் வேகத்தை அவை குறைக்கும், சிக்கல் அதிகரிப்பதே தூக்கத்தில்தான்.

முதல் ராத்திரி ஒன்று நடக்கும், முன்பே தெரிந்திருந்தால் பயம் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் ஆழமாக நாலைந்து மூச்சு விடுவார். பிறகு சத்தமே இருக்காது. ஐந்து நொடி, பத்து நொடி. நீங்கள் எழுந்து உலுக்கலாமா என்று யோசிக்கும்போது ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவார். மேலே சொன்ன பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மாறி மாறி வேலை செய்வதுதான் அது. உயரத்தில் அது சகஜம். அடிக்கடி சிறுநீர் போவதும் சகஜம், நல்ல அறிகுறியும்கூட.

இரண்டாம் நாள் தலை லேசாக இருந்தால் ஷே, திக்சே பக்கம் காரில் போய் வரலாம். திக்சே மடம் லேயிலிருந்து 19 கிலோமீட்டர், உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாம் நாள் மேற்கே சாம் பள்ளத்தாக்கு: நிம்மூவில் சிந்துவும் ஜன்ஸ்கரும் கலக்கும் சங்கமம், அதற்கப்பால் ஆல்சி கிராமத்து மடம். ஆல்சி சுவரோவியங்களை லடாக்கின் மிகச் சிறந்த கலைச் செல்வம் என்றே சொல்லலாம். பாங்காங் ஏரியைப் பார்க்கத் துடிப்பவர்கள் அந்தச் சின்ன மடத்தைத் தாண்டிப் போய்விடுவது வருத்தம்தான். உள்ளே இருட்டாக இருக்கும், படம் எடுக்க விடமாட்டார்கள், கையில் சின்ன டார்ச் இருந்தால் நல்லது.

ஆல்சியில் இன்னொரு அனுகூலமும் உண்டு. அது சுமார் 3,100 மீட்டர், லேயைவிட 400 மீட்டர் தாழ்வு. வயதானவர்களோடு போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்தே நேராக ஆல்சிக்குப் போய் முதல் இரண்டு இரவும் அங்கே தங்கிவிட்டு, மூன்றாம் நாள் லேவுக்கு ஏறி வரலாம். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஏஜென்சிகள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம், கேட்டால் செய்து தருவார்கள்.

நூப்ரா முதலில், பாங்காங் பிறகு

இந்த வரிசையை மாற்றுவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. காரணம் உயரக் கணக்கிலேயே இருக்கிறது.

நூப்ரா போக 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு பலகையில் 18,380 அடி என்று பார்த்திருப்பீர்கள். ஜி.பி.எஸ். அளவில் அது சுமார் 17,580 அடிதான். உலகிலேயே உயரமான வாகனச் சாலை என்ற பட்டமும் இப்போது அதனிடம் இல்லை; 5,798 மீட்டர் உம்லிங் லா போன்றவை அதைவிட உயரம். எப்படியோ, கணவாயில் நிற்பது பதினைந்து நிமிடம். போட்டோ எடுத்துவிட்டு, ஓடாமல் நடந்து வந்து வண்டியில் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு சாலை இறங்கிக்கொண்டே போய், திஸ்கித், ஹுண்டர் பக்கம் சுமார் 3,100 மீட்டரில் விடும். பகலில் மிக உயரம், ராத்திரி லேயைவிடத் தாழ்வு. உடம்பு பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பாங்காங் நேர்மாறு. ஏரிக்கரையே 4,200 மீட்டருக்கு மேல். லேயிலிருந்து நேரே போனால், தூங்கும் உயரம் ஒரே நாளில் 700 மீட்டருக்கு மேல் எகிறும். அதைவிட ஆபத்தான விஷயம், ஏரிக்கரையில் நடுராத்திரி ஒருவருக்கு மூச்சுத் திணறினால் லேவுக்குத் திரும்பும் வழியில் 5,360 மீட்டர் சாங் லா கணவாய் குறுக்கே நிற்கிறது. கீழே இறக்க வேண்டிய ஆளை முதலில் ஆயிரம் மீட்டர் மேலே ஏற்றியாக வேண்டும். ‘மூன்றாம் நாளே பாங்காங்’ என்ற ஐந்து நாள் பேக்கேஜ்களில் உள்ள பொறி இதுதான்.

அதனால் குறைந்தது எட்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். லேயில் மூன்று இரவு. நான்காம் நாள் கர்துங் லா தாண்டி நூப்ராவில் இரண்டு இரவு. ஆறாம் நாள் ஷ்யோக் ஆற்றை ஒட்டிய சாலையில் பாங்காங், அங்கே ஒரே ஒரு இரவு. அன்றைக்கும் 500 மீட்டர் விதி உடையத்தான் செய்கிறது, ஆனால் உடம்பு அதற்குள் ஐந்து இரவு பழகியிருக்கும். ஏழாம் நாள் சாங் லா வழியாக லே. எட்டாவது இரவு சும்மா, மேகத்துக்கும் மண்சரிவுக்கும் ஒதுக்கிய இரவு.

நூப்ராவில் இரண்டாம் நாளை ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகத்துக்கு வரிசையில் நின்று கழிப்பதைவிட, துர்துக் போய் வருவது மேல். திஸ்கித்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். 1971 போர் வரை பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருந்த பால்ட்டி கிராமம் அது. ஜூலை பாதிக்கு மேல் போனால் மரத்திலேயே பாதாமி பழுத்திருக்கும், நம்மூரில் உலர்ந்து சுருங்கி வரும் அதே ஆப்ரிகாட். வீட்டு வாசலில் உலர்த்தப் போட்டிருப்பதைக் கேட்டு வாங்கலாம்.

ஷ்யோக் சாலை ஓர் ஐந்தாறு மணி நேரம். வழியில் பெரிய கணவாய் கிடையாது என்பது அதன் பலம், ஆற்று வெள்ளமும் கல் சரிவும் அதன் பலவீனம். கிளம்பும் அன்று காலை திஸ்கித்தில் டிரைவரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். மூடியிருந்தால் கர்துங் லா வழியாகவே லேவுக்குத் திரும்பி, மறுநாள் சாங் லா வழியாகப் போக வேண்டியதுதான். அந்த உபரி இரவின் அருமை அப்போது தெரியும்.

பாங்காங்கில் கரையோரக் கூடாரம்தான் எல்லோருடைய கனவு. ராத்திரி காற்று கூடாரத் துணியைப் படபடவென அடிக்கும், ஜூனிலும் செப்டம்பரிலும் குளிர் பூஜ்யத்தைத் தொடும், தலைவலியும் சேர்ந்தால் கனவு விடிய விடியக் கண் விழித்துப் பார்க்க வேண்டியதாகிவிடும். கூடாரத்தைவிட ஸ்பாங்மிக், மான், மேராக் கிராமத்து வீடுகளில் கெட்டிச் சுவர் அறை எடுப்பது நல்லது. குழந்தை, பெரியவர் இருந்தால் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு தாங்சேயில் தூங்கலாம். ஏரிக்கு முன்னால் உள்ள ஊர், 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அந்த முந்நூறு மீட்டர் வித்தியாசம் ராத்திரி நன்றாகத் தெரியும். ஏரியில் ஒருவருக்கு முடியாமல் போனாலும் முதலில் இறக்க வேண்டிய இடம் தாங்சேதான். அங்கிருந்து மேலும் இறங்க வேண்டுமானால் சாங் லா பக்கம் ஏறாமல், ஷ்யோக் வழியாக திஸ்கித் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை இருக்கிறது.

தலைவலி வந்தால்

தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவைதான் ஏ.எம்.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் மலை நோய். முந்தின நாள் அளவுக்கு மீறிக் குடித்ததுபோல இருக்கும். உயரத்துக்குப் போன பிறகு வரும் எந்தத் தலைவலியையும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை, மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அதே உயரத்தில் ஓய்வெடுக்கலாம். தலைவலியோடு மேலே மட்டும் ஏறக் கூடாது. ‘வண்டிக்குப் பணம் கட்டியாயிற்று’ என்று ஏறுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் குறையவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் லேயில் எஸ்.என்.எம். ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அவர்கள் தினமும் பார்க்கிற நோய்தான் இது.

இரண்டு கட்டங்களில் காத்திருக்கவே கூடாது. ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வருவது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், ஆள் தடுமாறுவார், சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவார். இதற்கு எளிய சோதனை உண்டு. கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வதுபோல, குதிகாலும் கட்டைவிரலும் தொட்டுக்கொள்ள ஒரே கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் யோசிக்காதீர்கள். ஆக்சிஜன், உடனே கீழே இறக்கம், ஆஸ்பத்திரி. இந்த இரண்டிலும் சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும்.

டயமாக்ஸ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அசிட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் வேலையைத் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அறிகுறியை மூடி மறைக்கும் மருந்து இல்லை. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், உயரம் போவதற்கு முந்தின நாளிலிருந்து, போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாள் வரை. விரல் நுனி மரமரப்பதும், சோடா சப்பென்று இருப்பதும் இதன் பக்க விளைவு. சல்ஃபா அலர்ஜி உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு, ஒரு மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்பது கர்துங் லாவில் தெரிய வேண்டாம். கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கடும் ரத்தசோகை இருப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கற்பூரம் ஒரு தனிக்கதை. துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போனால் ஆக்சிஜன் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, பாதிப் பேர் பையில் கற்பூரத்தோடு வருகிறார்கள். மூக்கில் குளுகுளுவென்று ஏறுவதால் மூச்சு திறந்த மாதிரி ஒரு பிரமை, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் விஷம் வேறு. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் ஸ்ப்ரே டப்பாவும் கிட்டத்தட்ட அதே வகைதான். ஆறு லிட்டர் டப்பா என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். தேவை, டாக்சியில் ஒரு முழு சிலிண்டர். ‘இருக்கிறது’ என்று டிரைவர் சொன்னதோடு விடாமல், மீட்டர் முள் எங்கே நிற்கிறது, மாஸ்க் இருக்கிறதா, திருகும் சாவி இருக்கிறதா என்று கிளம்பும் முன் திறந்து பாருங்கள். சாவி லேயில் வீட்டில் இருப்பது நடக்கக்கூடியதே.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கொண்டுபோகலாம், ஆனால் அதன் அடிமையாகிவிட வேண்டாம். ஊரில் 98 காட்டும் விரல் லேயில் 85–90 காட்டுவது இயல்பு. நெயில் பாலிஷ், சில்லிட்ட விரல் இரண்டும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்தபின் பாருங்கள். எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் போகும், ஆகவே தாகத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அதற்காக நாளுக்கு ஆறு லிட்டர் என்று பந்தயம் கட்டினால் உப்புச்சத்து நீர்த்துப்போய், அதற்கும் தலைவலி வரும்.

அனுமதி, வண்டி, சிம், காசு

நூப்ரா, பாங்காங், சோ மொரிரி, ஹான்லே எல்லாம் எல்லைப் பகுதிகள். லே நிர்வாகத்தின் இணையதளத்தில் பெயர், அடையாள அட்டை விவரம் கொடுத்து, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி, அந்த அனுமதித் தாளை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டலோ ஏஜென்சியோ செய்து தரும். விதிகள் சில வருடங்களில் பலமுறை மாறியிருப்பதால், போகும் வாரத்தில் என்ன நடைமுறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு நகல் கையில் இருக்கட்டும், செக்போஸ்ட்டில் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். போனில் காட்டலாம் என்று இருந்தால் சிக்னலும் இருக்காது, சார்ஜும் இருக்காது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் தமிழர்களுக்கு, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், லேயில் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் தனி அனுமதி தேவை.

வெளியூர்ப் பதிவு எண்ணுள்ள வாடகைக் காரோ பைக்கோ எடுத்துக்கொண்டு போய் லடாக்கில் சுற்றிப் பார்க்க உள்ளூர் யூனியன்கள் விடுவதில்லை. மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேயில் நிறுத்திவிட்டு, லே பைக் ஒன்றை எடுத்துத்தான் நூப்ரா போக வேண்டியிருக்கும். சொந்த வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டாக்சிக்கு யூனியன் வருடாவருடம் வழித்தட வாரியாக ரேட் அட்டை வெளியிடுகிறது. தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்று இருக்கும், ஆகவே நால்வர் சேர்ந்தால் செலவு கணிசமாகக் குறையும். தனியாகப் போகிறவர்கள் மெயின் பஜார் ஏஜென்சிகளின் வாசலில் ஒட்டியிருக்கும் ‘பாங்காங் – 2 சீட்’ போன்ற சீட்டுகளைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம்.

பிற மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். லே தாண்டினால் யு.பி.ஐ. நெட்வொர்க்கின் தயவில்தான், ஆகவே நூப்ரா–பாங்காங் செலவுக்கான ரொக்கத்தை லே ஏ.டி.எம்.மிலேயே எடுத்துவிட வேண்டும்.

சாலை வழியாகப் போகிறவர்களுக்கு

ஏறுவது ஸ்ரீநகர் வழி, இறங்குவது மணாலி வழி. மாற்றாதீர்கள். ஸ்ரீநகர் சாலையில் ஜோஜி லா 3,528 மீட்டர், மிக உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான், இடையில் தூங்கும் கார்கில் சுமார் 2,680. படிப்படியாக ஏற்றும். மணாலி சாலையில் பலர் இரவு தங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். 2,050 மீட்டர் மணாலியில் காலையில் புறப்பட்டு, சாயங்காலம் சர்ச்சு கூடாரத்தில் படுத்தால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கமிருந்துதான் ஏறியாக வேண்டும் என்றால் ஜிஸ்பாவில் (சுமார் 3,200) இரண்டு இரவு தங்கி, சர்ச்சுவில் நிற்காமல் விடியற்காலை கிளம்பி ஒரே மூச்சில் லே போய்விடுங்கள். லேயிலிருந்து திரும்பும்போது சர்ச்சு தொந்தரவு தராது, உடம்பு அதற்குள் பழகியிருக்கும்.

ஸ்ரீநகர் வரை ரயிலிலும் போகலாம், கத்ராவில் மாறி ஏறும் ரயில் 2025 ஜூனில் ஓடத் தொடங்கியது. மணாலி சாலையில் ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்புங்கள், ‘அடுத்த பங்க் 365 கி.மீ.’ என்று பலகையே இருக்கிறது. பனி உருகி சாலையைக் கடக்கும் நாலாக்களை, அதாவது ஓடைகளை, காலையிலேயே தாண்டிவிடுவது நல்லது. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும். அதே காரணத்துக்காக, எவ்வளவு அழகாக இருந்தாலும் காய்ந்த ஓடைப் படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். மழையே இல்லாத ஊர் என்ற பெயரை நம்பக் கூடாது என்பதை 2010 ஆகஸ்ட் மேகவெடிப்பில் லே பார்த்துவிட்டது.

சாப்பாடும் பையும்

லேயில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாங்காங்கில் இன்னும் இரண்டு டிகிரி குறைவு. குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் வேகாது. ஏரிக்கரையில் சோறு நறுக்கு நறுக்கென்று இருந்தால் சமையல்காரரைத் திட்ட வேண்டாம். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும், ஸ்க்யூ என்ற கோதுமைக் குழம்பும் அந்த ஊருக்காகவே பிறந்தவை, வயிற்றுக்கும் இதம். சோறு இல்லாமல் முடியாதவர்கள் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள். பாட்டிலில் வேண்டாம். லேயில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கர்துங் லாவில் தலையணைபோல உப்பி, தொட்டால் டம்மென்று வெடிக்கத் தயாராக இருக்கும். அதே அழுத்தம்தான் தொக்கு பாட்டிலுக்குள்ளும், சன்ஸ்கிரீன் குழாய்க்குள்ளும். மூடியை முகத்துக்கு நேராகத் திறந்தவர் சட்டையெல்லாம் மாங்காய்த் தொக்குடன் கணவாயில் நிற்பார். சின்ன ஜிப் கவர்களில், காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கட்டினால் பிரச்சினை இல்லை.

துணி விஷயத்தில் ஒரே கெட்டி ஜாக்கெட்டைவிட மூன்று நான்கு அடுக்கு நல்லது. வெயிலில் அரைக்கையும் நிழலில் ஸ்வெட்டரும் ஒரே நேரத்தில் தேவைப்படும் ஊர் அது. சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கு வாசலின் மூன்றும் கண்டிப்பாக வேண்டும். ராத்திரி போனையும் கேமரா பேட்டரியையும் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பர் முதல் மூன்று வாரம். கூட்டம் குறைவு, வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். ஜூனில் கணவாய்களில் இன்னும் பனிச் சுவர் நிற்கும், பார்க்க அழகு, சாலை மோசம். ஜூலை, ஆகஸ்டில் லடாக்கில் வெயில், ஆனால் மணாலி பக்கம் பருவமழைச் சரிவு. அக்டோபர் பாதிக்கு மேல் குழாய் நீர் உறையத் தொடங்கி, ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுவார்கள்.

கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் ஹான்லே. சுமார் 4,300 மீட்டரில் தூங்க வேண்டும், ஆகவே பாங்காங்குக்குப் பிறகுதான், அதுவும் எல்லோரும் நன்றாக இருந்தால் மட்டும். அங்கே உள்ள வானாய்வகத்தை நடத்துவது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், காவலூர், கொடைக்கானல் வானாய்வகங்களை நடத்தும் அதே நிறுவனம். நிலா இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால் பால்வெளி வெறுங்கண்ணுக்கே தெரியும். கிராமத்தில் ராத்திரி வண்டி ஹெட்லைட்டைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள், அது அறிவிக்கப்பட்ட இருள்வான் காப்பகம்.

திரும்பும் விமானத்தை லே–டெல்லி, டெல்லி–சென்னை என்று தனித்தனி டிக்கெட்டாக ஒரே நாளில் வைக்காதீர்கள். மேகம் மூடினால் லே விமானம் ரத்தாகும், மறுநாள்தான் அடுத்தது, டெல்லி டிக்கெட் காசு போய்விடும். ஒரே பி.என்.ஆரில் எடுங்கள், முடியாவிட்டால் டெல்லியில் ஓர் இரவு விடுங்கள்.